கடிதத்தின் கீழே அச்சான முகவரி

1926 ஏப்ரல் தேதியிட்டு நியூயார்க்கிலிருந்து 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற மாத இதழ் வெளிவந்தது. விலை 25 சென்ட். அறிவியல் புனைகதைக்கென்றே தனியாகத் தொடங்கப்பட்ட முதல் ஆங்கில இதழ் அது. நடத்தியவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். லக்சம்பர்க்கில் பிறந்து 1904-ல் அமெரிக்காவுக்கு வந்தவர். வானொலி பாகங்கள் விற்றும், மின்சாரம், வானொலி பற்றிய இதழ்கள் நடத்தியும் நிலைபெற்றவர். இந்தக் கதைகளைப் படிக்கும் பையன்களில் பலர் நாளை விஞ்ஞானிகளாவார்கள் என்று முழுமனதாக நம்பினார்.

அந்த இதழைப் பற்றிப் பேசுபவர்கள் ஃபிராங்க் பால் வரைந்த அட்டைப்படங்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்கு என்னவோ அதன் கடைசிப் பக்கங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. 1927-லிருந்து அங்கே 'டிஸ்கஷன்ஸ்' என்ற தலைப்பில் வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எழுதியவரின் பெயரோடு கதவு எண், தெரு, ஊர் என்று முழு முகவரியும் அச்சாயிற்று.

அதனால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு சிற்றூரில் பதினைந்து வயதுப் பையன். செவ்வாய் கிரகத்துக்குப் போகும் கதையை மூன்று முறை படித்துவிட்டான். வீட்டில் அதைக் குப்பை என்கிறார்கள், பள்ளியில் சொன்னால் சிரிக்கிறார்கள். கடிதப் பக்கத்தைப் புரட்டுகிறான். அதே கதையில் வரும் ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் போதாது என்று கணக்குப் போட்டு ஒருவன் எழுதியிருக்கிறான். ரயிலில் போனால் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறான். இவன் இதழாசிரியருக்கு எழுதவில்லை. நேராக அவனுக்கே எழுதுகிறான்.

ரசிகர் கூட்டம் என்றதும் எல்லோரும் மேடையைப் பார்த்து நிற்பதுபோல் ஒரு படம் மனதில் வரும். இவர்கள் மேடையைப் பார்த்ததைவிடப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துப் பேசியதே அதிகம். கதை அவர்களைச் சேர்த்து வைத்தது. சேர்ந்த பிறகு தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள், கூடினார்கள், கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதுதான் 'ஃபேன்டம்' என்று இன்று நாம் சொல்லும் பெரிய உலகமாக வளர்ந்தது. அதைக் கூலி வாங்காமல் கட்டியவர்கள் யார், அதன் வாசலில் நின்று யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள் என்று பார்த்தால் அதன் குணம் புரியும்.

முதல் சங்கங்கள் சீக்கிரமே வந்துவிட்டன. 1929 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'சயன்சீயர்ஸ்' தொடங்கியது. அதன் தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு கறுப்பினத்தவர். கூட்டங்கள் அவருடைய வீட்டில்தான் நடந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பையன்கள். அன்றைய அமெரிக்காவில் இது சாதாரண விஷயம் இல்லை. 1930 மே மாதம் 'தி காமெட்' என்ற இதழ் வந்தது. ரசிகர்களே தயாரித்து ரசிகர்களுக்கே அனுப்பிய முதல் இதழாக அதைத்தான் சொல்கிறார்கள். அதன் ஆசிரியர் ரே பால்மர் எட்டு வருடம் கழித்து அமேசிங் ஸ்டோரீஸுக்கே ஆசிரியராகிவிட்டார். அதே 1930-ல், கெர்ன்ஸ்பேக்கிடம் இதழாசிரியராக இருந்த டேவிட் லாஸரும் எழுத்தாளர்கள் சிலரும் சேர்ந்து, கிரகம் விட்டுக் கிரகம் போவதற்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் அவர்கள் நிஜமாகவே ராக்கெட் செய்து ஏவிப் பார்த்தார்கள். இன்றைய அமெரிக்க விண்வெளிப் பொறியாளர் அமைப்பின் வேர்களில் அதுவும் ஒன்று.

ரசிகர் இதழ்களுக்கு 'ஃபேன்சீன்' என்ற பெயர் 1940 அக்டோபரில்தான் வந்தது. வைத்தவர் லூயிஸ் ரஸ்ஸல் ஷோவனே. சிறு வயதிலேயே காது கேட்கும் திறனை இழந்தவர். காகிதத்தில் நடக்கும் பேச்சில் அவர் யாருக்கும் குறைந்தவராக இருக்க வேண்டியதில்லை என்பதை நினைக்கும்போது அந்தப் பெயர் அவரிடமிருந்து வந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அந்த இதழ்கள் எப்படித் தயாராயின என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கையில் காசில்லாதவர்களுக்கு ஹெக்டோகிராஃப். ஒரு தட்டில் ஜெலட்டினும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றி உறைய விடுவார்கள். ஊதா நிற மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால் மை ஜெலட்டினில் இறங்கிவிடும். தாளை உரித்தெடுத்துவிட்டு, வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். முதல் பிரதி பளிச்சென்று வரும். போகப் போக வெளிறி, ஐம்பதாவது பிரதிக்கு மேல் எழுத்தே தெரியாது. ஆக, ஐம்பது வாசகர்தான் உச்சம். தயாரித்தவரின் விரலெல்லாம் ஊதா.

கொஞ்சம் வசதி இருந்தால் மிமியோகிராஃப். தமிழ்நாட்டில் சைக்ளோஸ்டைல் என்றும் இலங்கையில் ரோனியோ என்றும் சொல்வோமே, அதேதான். தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் அடித்தால் எழுத்தின் வடிவத்தில் மெழுகு வெட்டுப்படும். தப்பாக அடித்துவிட்டால் திருத்தும் திரவத்தைத் தடவி, காயும்வரை காத்திருந்து, மறுபடி அடிக்க வேண்டும். 'கரெக்ஷன் ஃப்ளூயிட்' என்பதைச் சுருக்கி 'கார்ஃப்ளூ' என்றார்கள். அந்தப் பெயரிலேயே பிற்காலத்தில் ஒரு மாநாடும் வருடாவருடம் நடந்தது. ஸ்டென்சிலை உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நூறு, இருநூறு பிரதி எடுப்பார்கள். பிறகு பக்கங்களை மேசையில் வரிசையாக அடுக்கி, நண்பர்கள் மேசையைச் சுற்றி நடந்தபடி ஒவ்வொரு தாளாக எடுத்துச் சேர்ப்பார்கள். ஸ்டேப்ளர், தபால்தலை, தபால்பெட்டி. ஓர் இதழுக்கு இத்தனை வேலை.

விலை? பல ஃபேன்சீன்களில் 'வழக்கமானது கொடுத்தால் கிடைக்கும்' என்று ஒரு வரி இருக்கும். படித்துவிட்டு விரிவாக ஒரு கடிதம் எழுது, அல்லது நீ நடத்தும் இதழை எனக்கு அனுப்பு, அல்லது ஒரு கட்டுரையோ படமோ கொடு என்று பொருள். சில்லறை அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அது கடைசிபட்சம். இந்த வரிதான் ஃபேன்டத்தின் பொருளாதாரம் என்று நான் சொல்வேன். சும்மா வாங்கிப் படித்துவிட்டுப் போகிறவருக்கு அங்கே இடம் குறைவு. திருப்பி ஏதாவது செய்தால்தான் ஆட்டத்தில் சேர்த்தி.

இந்தக் கொடுக்கல் வாங்கலை வாழ்க்கையாகவே வாழ்ந்தவர் ஹாரி வார்னர். மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் பத்திரிகையாளராக வேலை பார்த்தார். ஊரைவிட்டு வெளியே போவது அபூர்வம். 'ஹேகர்ஸ்டவுன் துறவி' என்றே அழைத்தார்கள். ஆனால் உலகின் எந்த மூலையிலிருந்து ஃபேன்சீன் வந்தாலும் உட்கார்ந்து படித்து, கவனமாகப் பதில் எழுதி அனுப்புவார். புதிதாக இதழ் ஆரம்பித்த ஒரு பதினாறு வயதுக்காரருக்கு முதலில் வரும் கடிதம் பெரும்பாலும் வார்னருடையதாகத்தான் இருக்கும். 2003-ல் இறக்கும்வரை, அறுபது வருடங்களுக்கு மேல் இதைச் செய்தார். 1940-களின் ஃபேன்டம் பற்றி முதல் முழுமையான வரலாற்றை 1969-ல் எழுதியவரும் அவர்தான்.

இந்த ஊதா மைத் தாள்களிலிருந்து வந்தது கொஞ்சமல்ல. கிளீவ்லாந்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 'சயன்ஸ் ஃபிக்ஷன்' என்ற பெயரில் சைக்ளோஸ்டைல் இதழ் நடத்தினார்கள். 1933 ஜனவரி இதழில் சீகல் எழுதி ஷுஸ்டர் படம் வரைந்த கதையில் 'சூப்பர்மேன்' என்ற பாத்திரம் முதல் தடவையாக வந்தது. அந்தக் கதையில் அவன் மொட்டைத் தலை வில்லன். ஐந்து வருடம் கழித்து நீல உடையும் சிவப்பு மேலங்கியுமாக அவன் நல்லவனாகத் திரும்பி வந்தான். உரிமையை 130 டாலருக்கு இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நியூஜெர்சிக்காரர் சார்ல்ஸ் ஹார்னிக் தன் ஃபேன்சீனைக் கெர்ன்ஸ்பேக்குக்கு அனுப்பிவைத்தார். அதைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டு, தான் அப்போது நடத்திவந்த 'வொண்டர் ஸ்டோரீஸ்' இதழுக்கே ஆசிரியராக்கிவிட்டார் கெர்ன்ஸ்பேக். அப்போது ஹார்னிக்குக்கு வயது 17.

ரசிகர்களின் இந்த உற்சாகத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்பதும் கெர்ன்ஸ்பேக்குக்குத் தெரிந்திருந்தது. 1934-ல் தன் இதழ் மூலமாகவே 'சயன்ஸ் ஃபிக்ஷன் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கி ஊருக்கு ஊர் கிளைகள் அமைக்கச் சொன்னார். கிளைகள் மளமளவென்று முளைத்தன. சிக்கலும் முளைத்தது. டொனால்ட் வோல்ஹைம் என்ற நியூயார்க் இளைஞர் தன் கதை அச்சாகியும் பணம் வரவில்லை என்று கேட்டார். தன்னைப் போலவே பணம் வராத வேறு சிலரையும் தேடிப் பிடித்து வழக்கறிஞரிடம் போனார். பணம் வந்தது, 1935-ல் லீகிலிருந்து வோல்ஹைமும் அவர் நண்பர்கள் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். முதலாளி நடத்தும் சங்கத்தில் ரசிகன் விருந்தாளிதான் என்பதை அந்தத் தலைமுறை அன்றே கற்றுக்கொண்டது. லீக் சில வருடங்களில் மங்கிப்போனது. கிளைகளில் சந்தித்துக்கொண்டவர்கள் மட்டும் பிரியவில்லை.

இங்கிலாந்தில் 1937 ஜனவரி 3-ஆம் தேதி லீட்ஸ் நகரத்தின் பிரம்மஞான சபை மண்டபத்தில் சுமார் இருபது பேர் கூடினார்கள். அறிவியல் புனைகதைக்கென்று முன்கூட்டியே திட்டமிட்டு நடந்த முதல் மாநாடு இதுதான் என்று ஆங்கிலேயர் சொல்வார்கள். இல்லை, 1936 அக்டோபரில் நியூயார்க் நண்பர்கள் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போய் அங்குள்ளவர்களைச் சந்தித்ததுதான் முதல் என்று அமெரிக்கர் சொல்வார்கள். ஒரு நண்பர் வீட்டில் நடந்த சந்திப்பு மாநாடு ஆகுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் லீட்ஸ்தான். மண்டபம் பிடித்து, நிகழ்ச்சி நிரல் போட்டு நடத்தினார்கள்.

லீட்ஸ் வந்தவர்களில் 19 வயது ஆர்தர் கிளார்க்கும் ஒருவர். பகலில் லண்டனில் அரசுத் தணிக்கை அலுவலகத்தில் குமாஸ்தா, மற்ற நேரமெல்லாம் ரசிகர். நண்பர் வில்லியம் டெம்பிளோடு அவர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த கிரேஸ் இன் ரோடு வீடு லண்டன் ரசிகர்களின் தலைமையகமாகவே ஆகிவிட்டது. பிரிட்டிஷ் கிரகப் பயணச் சங்கத்தின் கணக்குவழக்கையும் அவர்தான் பார்த்தார். அந்த வட்டத்தில் ராக்கெட் பற்றி நடந்த ஓயாத பேச்சின் தொடர்ச்சியாகவே, பூமியோடு சேர்ந்து சுற்றும் மூன்று செயற்கைக்கோள்களால் உலகம் முழுக்க ஒலிபரப்ப முடியும் என்ற அவருடைய 1945 கட்டுரையைப் பார்க்கிறேன். 1956-ல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அங்கே அவரைப் பெரிய எழுத்தாளராக அறிந்தவர்கள் ஏராளம். கைக்காசைப் போட்டு இதழ் நடத்திய பையன்களோடு உட்கார்ந்து உறை ஒட்டியவர் என்று அறிந்தவர்கள் குறைவு.

இப்போது 1939-க்கு வருவோம். நியூயார்க்கில் 'நாளைய உலகம்' என்ற தலைப்பில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதன் பெயரைத் தொட்டுக்கொண்டு, ஜூலை 2 முதல் 4 வரை முதல் 'உலக அறிவியல் புனைகதை மாநாடு' நடந்தது. இடம் கேரவன் ஹால். சுமார் 200 பேர். சிறப்பு விருந்தினர் அட்டைப்பட ஓவியர் ஃபிராங்க் பால். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ரே பிராட்பரி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நண்பரிடம் கடன் வாங்கிப் பேருந்தில் வந்தார். அந்த நண்பர் ஃபாரெஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதனின் உடையில் வந்து நின்றார். உடையை வடிவமைத்துத் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ். ரசிகர்களிடையே 'மொரோஜோ' என்ற பெயரில் அறியப்பட்டவர். தானும் அதே பாணி உடையில் வந்திருந்தார். இன்று உலகமெங்கும் காஸ்ப்ளே என்று நடப்பதன் ஆரம்பம் அந்தப் பெண்ணின் ஊசியும் நூலும். பல காலம் அக்கர்மன் பெயரைச் சொல்லிவிட்டு அவரை விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதே மாநாட்டின் வாசலில்தான் அசிங்கமும் நடந்தது. வோல்ஹைமும் அவர் நண்பர்களும் 'ஃபியூச்சரியன்ஸ்' என்ற குழுவாக இருந்தார்கள். இடதுசாரிகள், வறுமையில் உழன்றவர்கள், வாய்த்துடுக்கானவர்கள். அறிவியல் புனைகதை ரசிகர் உலகத்தை மாற்றப் பாடுபட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மாநாட்டை நடத்திய சாம் மாஸ்கோவிட்ஸ், ஜேம்ஸ் டௌராசி, வில்லியம் சைக்கோரா மூவருக்கும் இவர்களோடு பழைய பகை. மாநாட்டு அமைப்பாளர்களைச் சர்வாதிகாரிகள் என்று கண்டித்த ஒரு துண்டுப் பிரசுரக் கட்டு மண்டபத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஒழுங்காக நடந்துகொள்வதாக உறுதி கொடுத்தால்தான் உள்ளே என்று வாசலில் நிறுத்தினார்கள். ஆறு பேர் மறுத்தார்கள்: வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், ராபர்ட் லவுண்டெஸ், ஜான் மிஷல், ஜாக் கில்லெஸ்பி. அவர்கள் உள்ளே போகவே முடியவில்லை. அதே குழுவில் இருந்த ஐசக் அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார்; நண்பர்களை விட்டுவிட்டு வந்த உறுத்தலைப் பின்னாளில் எழுதினார்.

அந்தப் பிரசுரத்தை எழுதி அச்சிட்டவர் அந்த ஆறு பேரில் ஒருவரே இல்லை, டேவிட் கைல் என்ற வேறொருவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மண்டபத்துக்குள்ளேதான் இருந்தார். வெளியே நின்றவர்களில் போல், லவுண்டெஸ், வோல்ஹைம் மூவரும் அடுத்த சில வருடங்களிலேயே இதழாசிரியர்களானார்கள். வோல்ஹைம் தன் பெயரிலேயே பெரிய பதிப்பகம் தொடங்கினார். மாஸ்கோவிட்ஸ் 1930-களின் ரசிகர் வரலாற்றைத் தடிமனான புத்தகமாக எழுதினார். வாசலை மூடியவர் எழுதிய வரலாறு என்பதை மனதில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

தாங்கள் மற்றவர்களைவிட மேலானவர்கள் என்ற நினைப்பும் இவர்களிடம் இருந்தது. மனிதர்களைவிட அறிவில் உயர்ந்த, வேட்டையாடப்படும் 'ஸ்லான்' என்ற இனம் பற்றி 1940-ல் ஒரு தொடர்கதை வந்தது. உடனே 'ரசிகர்கள் ஸ்லான்கள்' என்ற முழக்கம் கிளம்பியது. பள்ளியில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அது ஆறுதல், புரிகிறது. ஆனால் தன்னை ஒதுக்கப்பட்டவனாக நினைத்துக்கொள்பவனுக்குத் தான் ஒதுக்குவது கண்ணில் படாது.

1950-களில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரிலிருந்து வந்த 'குவாண்ட்ரி' மிகப் பிரபலமான ஃபேன்சீன். ஆசிரியர் லீ ஹாஃப்மன். 1951-ல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டுக்கு லீ நேரில் வந்தபோதுதான் அது ஓர் இளம்பெண் என்று பலருக்குத் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, ஆண் என்றே எடுத்துக்கொண்டார்கள். இதைவிட மனதை உறுத்துவது கார்ல் பிராண்டன் கதை. அதே காலத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து நகைச்சுவையாக எழுதிக் குவித்த கறுப்பின ரசிகர் அவர். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. டெர்ரி கார் முதலான வெள்ளையின நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய புனைபெயர். ஹார்லெமில் ஒரு கறுப்பினத்தவர் வீட்டில் கூடிப் பேசியவர்களின் உலகம், கால் நூற்றாண்டில், ஒரு கறுப்பினத்தவரைக் கற்பனையில் செய்துகொள்ளும் அளவுக்கு வந்து நின்றது. 1999-ல் இனப் பாகுபாட்டுக்கு எதிராக அறிவியல் புனைகதை உலகில் ஓர் அமைப்பு தொடங்கியவர்கள் அந்தப் பெயரையே எடுத்துத் தங்கள் அமைப்புக்கு வைத்தார்கள்.

இதே வருடங்களில் அழகான காரியங்களும் நடந்தன. பெல்ஃபாஸ்டில் வால்ட் வில்லிஸ் என்று ஒருவர். கையால் எழுத்துக் கோத்து 'ஸ்லாண்ட்' என்ற ஃபேன்சீனை அச்சிட்டார்; எழுத்து அவ்வளவு நயம். அமெரிக்கா போக வசதியில்லை. ஷெல்பி விக் என்ற அமெரிக்க ரசிகர் '52-ல் வில்லிஸை வரவழைப்போம் என்று கிளம்பினார். ஒரு டாலர், அரை டாலர் என்று சேர்த்தார்கள். 1952 சிகாகோ மாநாட்டுக்கு வில்லிஸ் வந்து சேர்ந்தார். அதையொட்டி 1953-ல் 'அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி' என்று நிரந்தர ஏற்பாடே வந்துவிட்டது. இன்றும் இருக்கிறது. வாக்குப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நிதி திரட்டி, கடல் கடந்து அனுப்பிவைப்பார்கள். போய்வந்தவர் பயணக் கட்டுரை எழுதித் தர வேண்டும், அடுத்தவருக்கு நிதி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

1953 ஃபிலடெல்ஃபியா உலக மாநாட்டில், அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுகள் தொடங்கின. கெர்ன்ஸ்பேக்கின் முதல் பெயர். யார் வாக்களிப்பது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நடுவர் குழு கிடையாது. உலக மாநாட்டுக்கு டிக்கெட் விற்பதில்லை, உறுப்பினர் சந்தாதான். சந்தா கட்டிய எல்லோருக்கும் வாக்கு. சிறந்த நாவலுக்கு மட்டுமின்றிச் சிறந்த ஃபேன்சீனுக்கும் 1955-லிருந்து விருது உண்டு. மாநாட்டை நடத்துபவர்களுக்கு அன்றும் சம்பளம் இல்லை, இன்றும் இல்லை.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. 1966 செப்டம்பர் 8 அன்று 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இரண்டாவது பருவத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி கசிந்ததும், பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி களத்தில் இறங்கினார்கள். பிஜோ பழைய ஃபேன்டத்தில் ஊறியவர்; உலக மாநாட்டில் 1960-ல் ஓவியக் கண்காட்சியைத் தொடங்கியவர். சைக்ளோஸ்டைல் எடுக்கவும் உறை ஒட்டவும் முகவரி திரட்டவும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் எழுதி, பத்துப் பேரை எழுதச் சொல்லி, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. 1968 ஜனவரியில் கால்டெக் தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர்கள், தொடரை ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சியின் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். வந்த கடிதங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. மார்ச் 1 அன்று நிகழ்ச்சியின் முடிவில், தொடர் அடுத்த பருவமும் வரும், தயவுசெய்து இனிக் கடிதம் அனுப்பாதீர்கள் என்று என்பிசி அறிவிக்க வேண்டியதாயிற்று.

தொடர் 1969-ல் நின்றுபோனது, 79 பகுதிகளோடு. ஆனால் அந்த மூன்றாவது பருவம் இருந்ததால்தான் உள்ளூர் நிலையங்கள் தினம் ஒன்றாக மறுஒளிபரப்புச் செய்யும் அளவுக்குப் பகுதிகள் சேர்ந்திருந்தன. ரசிகர் கூட்டம் பெருகியது தொடர் நின்ற பிறகுதான். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ஓர் ஓட்டலில் ஸ்டார் ட்ரெக் மாநாடு வைத்தார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 3,000-க்கு மேல். நாசாவின் முதல் சோதனை விண்வெளி ஓடத்துக்கு 1976-ல் தொடரில் வரும் கப்பலின் பெயரான 'என்டர்பிரைஸ்' வந்ததும் இவர்கள் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதங்களால்தான்.

இந்தப் புதிய அலையில் பெண்களே பெரும்பான்மை. பழைய ஆட்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. புத்தகம் படிக்காமல் டிவி பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று இளக்காரமாகப் பேசினார்கள். வேலையைப் பார்த்தால் அப்படியே பழைய ஃபேன்டம்தான்: அதே சைக்ளோஸ்டைல், அதே தபால்தலை. 1967-ல் வந்த 'ஸ்பாக்கனேலியா' முதல் ஸ்டார் ட்ரெக் ஃபேன்சீன். தொகுத்தவர்கள் டெவ்ரா லாங்சமும் ஷெர்னா காமர்ஃபோர்டும். ஒன்று மட்டும் புதிது. இவர்கள் கதையைப் பற்றி எழுதுவதோடு நிற்காமல் அந்தப் பாத்திரங்களை வைத்தே புதுக்கதை எழுதினார்கள். ஃபேன்ஃபிக் என்று இன்று பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இங்கேதான் தன் வடிவத்தைப் பெற்றது. எந்தத் தவறும் செய்யாத, எல்லோரும் காதலிக்கிற கதாநாயகியை 'மேரி சூ' என்கிறோமே, அந்தப் பெயர் 1973-ல் பாலா ஸ்மித் எழுதிய ஒரு பக்கக் கேலிக்கதையிலிருந்து வந்தது. அதன் நாயகி தொடரில் வரும் விண்வெளிக் கப்பற்படையின் மிக இளைய அதிகாரி, வயது பதினைந்தரை. தங்கள் கதைகளின் குறையை முதலில் பார்த்துச் சிரித்ததும் அந்தப் பெண்களேதான்.

ஜப்பானில் இது தன் போக்கில் வளர்ந்தது. தகுமி ஷிபானோ 1957-ல் தொடங்கிய 'உச்சூஜின்' அங்கே முன்னோடி இதழ். 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களோடு சிறிதாகத் தொடங்கிய, ரசிகர்கள் தாங்களே தயாரித்த இதழ்களுக்கான காமிக் மார்க்கெட் பின்னாளில் லட்சக்கணக்கானோர் கூடும் சந்தையாயிற்று. அங்கே விற்பவர், வாங்குபவர் என்ற பேச்சில்லை. எல்லோருமே பங்கேற்பாளர்கள் என்பது அவர்கள் கொள்கை. ஒசாகாவில் 1981 மாநாட்டின் தொடக்கத்தில் காட்டுவதற்காக மாணவர்கள் சிலர் கையால் வரைந்து ஒரு சிறு அனிமேஷன் செய்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் கைனாக்ஸ் என்ற அனிமேஷன் ஸ்டுடியோ வந்தது.

இணையம் வந்ததும் ரசிகர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்திலேயே, 1970-களின் கடைசியில், 'எஸ்எஃப் லவ்வர்ஸ்' என்ற மின்னஞ்சல் குழு ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது: எழுதுவது ரசிகர், இடம் நிறுவனத்துடையது. 2007-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. ஃபேன்ஃபிக் குழுக்களும் அதில் போயின. அதே வருடம் ஃபேன்லிப் என்ற நிறுவனம் ரசிகர்களின் கதைகளைச் சேர்த்து லாபம் பார்க்கக் கிளம்பியது. நமக்கென்று சொந்தமாக ஒரு கிடங்கு வேண்டும், சர்வரும் நமதாக இருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, ரசிகர்களே நிரல் எழுதி, 2009 நவம்பரில் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தைத் திறந்தார்கள். நிரல் எழுதியவர்களில் பலர் அதற்காகவே நிரலாக்கம் கற்றுக்கொண்ட பெண்கள். விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. 2019-ல் ஐம்பது லட்சம் படைப்புகளைத் தாண்டியது. அதே வருடம் டப்ளினில் அந்தத் தளத்துக்கு ஹ்யூகோ விருது கிடைத்தபோது, மேடையேறிய எழுத்தாளர் நவோமி நோவிக், இதில் பங்குள்ளவர்கள் அரங்கத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விளக்கைப் போட்டார்கள். எங்கு பார்த்தாலும் எழுந்து நின்றார்கள்.

ஆனால் சந்தா கட்டிய எல்லோருக்கும் வாக்கு என்ற ஏற்பாட்டுக்குள் ஒரு பலவீனமும் இருந்தது. பரிந்துரைக் கட்டத்தில் வாக்குகள் சிதறிக் கிடக்கும். சில நூறு பேர் ஒரே பட்டியலை வைத்துப் போட்டால் இறுதிப் பட்டியலையே பிடித்துவிடலாம். பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் விருது வாங்குவதில் எரிச்சலடைந்த ஒரு கூட்டம் 2015-ல் அதைத்தான் செய்தது. மற்ற உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருதில்லை' என்று வாக்களித்துப் பதில் சொன்னார்கள். அதே இரவில் லியூ சிக்சினின் சீன நாவல், மொழிபெயர்ப்பாக, சிறந்த நாவல் விருதைப் பெற்றது. அதற்குமுன் எந்த மொழிபெயர்ப்பு நாவலுக்கும் அது கிடைத்ததில்லை. பிறகு விதியைத் திருத்தி எண்ணும் முறையையே மாற்றினார்கள்.

2023-ல் உலக மாநாடு சீனாவின் செங்டு நகரத்துக்குப் போனது. ஹ்யூகோவுக்கு நியாயமாகப் பரிந்துரை பெற்ற எழுத்தாளர் ஆர். எஃப். குவாங் உட்படச் சிலரைக் காரணமே சொல்லாமல் தகுதியற்றவர்கள் என்று நீக்கியிருந்தது சில மாதங்களில் வெளிவந்தது. அடுத்து மின்னஞ்சல்கள் கசிந்தன. சீனாவில் சிக்கல் வருமோ என்று மேற்கத்திய நிர்வாகிகளே எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் தேடித் தொகுத்திருந்தார்கள். 1939-ல் வாசலில் நின்றவர்களுக்காவது தங்களை யார், ஏன் தடுக்கிறார்கள் என்று முகத்துக்கு முகம் தெரிந்தது. செங்டுவில் அந்த மரியாதைகூட இல்லை. அதைத் தோண்டி எடுத்து எழுதியவர்களும் சம்பளமில்லாத ரசிகர்கள்தான். எண்ணிக்கையில் கணக்கு உதைக்கிறது என்று அட்டவணை போட்டுக் காட்டியவர்களும் அவர்கள்தான். எரிபொருள் போதாது என்று கணக்குப் போட்ட அந்தப் பையனின் பரம்பரை.

அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் ரஸ்டி ஹெவெலின் என்ற ரசிகர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பு இருக்கிறது. ஃபேன்சீன்கள் மட்டும் சுமார் 10,000. 1930-களின் தாள்கள் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. ஹெக்டோகிராஃப் மை வெளிச்சம் பட்டாலே மங்கும் என்பதால் பெட்டிகளை இருட்டில் வைத்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து எண்மமாக்கும் வேலை 2014-ல் அறிவிக்கப்பட்டது. வெளிறிய ஊதா எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கத் தன்னார்வலர்களைக் கேட்டார்கள், முன்வந்தார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இன்று உட்கார்ந்து ஓர் இதழின் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கலாம்: வழக்கமானது கொடுத்தால் கிடைக்கும், கதவு எண், தெரு, ஊர்.